மன்னார் வளைகுடாவின் பவளப் பார்கள்

நம் கல்லூரிப் பிராணிநூற் காட்சிச்சாலையில், வடபுறத்து அலமாரியின் கீழ்த்தட்டில், மனிதர் தலையளவு பருமனுள்ள வெள்ளைக் கல் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதன்மீது ஒட்டப்பெற்ற சீட்டில் 'பவளம், பாம்பன்' என்னும் இரண்டே சொற்கள் உள்ளன. எடுத்தவர் யார், எந்த ஆண்டில் எடுத்தார், எத்துணை ஆழத்தில் எடுத்தார், எடுத்த காலத்தில் அஃது உயிரோடிருந்ததா அன்றி மடிந்து கரையில் ஒதுங்கியதா என்பனவற்றுள் ஒன்றேனும் அச்சீட்டில் இல்லை. சென்ற ஆண்டு முதல் வகுப்பு மாணாக்கர் சிலர் அதனைச் சூழ நின்று, "மோதிரத்தில் பதிக்கும் பவளம் இதுதானா, ஐயா?" என்று எம்மை வினவினர். அன்று என்றோம். நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளம் மத்தியதரைக் கடல் முதலியவற்றில் வளர்வது. அது பார் கட்டுவதன்று. நம் அலமாரியிலுள்ளதோ கடலடியில் பார் கட்டும் கற்பவளம். "அப்படியாயின் இதற்கு விலை யாது?" என்றார் மற்றொருவர். அதற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்வினாவும் அச்சீட்டின் குறைபாடும் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டின.

கற்பவளம் கல்லுமன்று, செடியுமன்று, பிராணிகளின் கூட்டமாகும். பவளத்தைக் கடற்செடி என்றே முன்னோர் பலரும் கருதியிருந்தனர். 1720-ஆம் ஆண்டுகளில் பெசொன்னெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பவளத்தின் பூக்கள் எனப்பட்டவை பூக்களல்ல, சிறு பிராணிகளே என்று பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபைக்கு எழுதினார். சபையின் பேரறிஞராகிய ரெயோமூர் அதனை நம்பினாரில்லை. எழுதியவருக்கு இழுக்கு நேராதிருக்கும் பொருட்டு அவர் பெயரை மறைத்தே சபையில் எடுத்துரைத்தாராம். பிற்காலத்தில் மெய்யென்று விளங்கியது மருத்துவரின் கூற்றே. பெயரை மறைத்தலும் ஒருவகைத் தயைதான். ஆயினும் அத்தகைய தயை நம் மாணாக்கருக்கு நேராதிருக்குமாக.

இப்பிராணி ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவினதே. அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதனுள் அமர்ந்து, வாயைச் சூழ்ந்த மெல்லிய கைகளால் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பற்றி உண்ணும். ஆனால் இவ்விரை மட்டும் அதற்குப் போதாது. அதன் உடலின் உள்ளடுக்கில் கண்ணுக்குத் தெரியாத பாசியணுக்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சம் அளவிலும் இருப்பதுண்டு. அப்பாசியணுக்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைத் தம்மைத் தாங்கும் பிராணிக்கு அளிக்கின்றன. பிராணியோ அவற்றுக்கு உறைவிடமும் கழிவுப் பொருளாகிய உரமும் அளிக்கிறது. பவளத்தின் பழுப்பும் பச்சையுமாகிய நிறங்கள் பெரிதும் இக்குடியிருப்போராலேயே உண்டாகின்றன. ஒளியின்றிப் பாசியில்லை, பாசியின்றிப் பவளமில்லை. ஆதலின் தெளிந்த, ஆழமற்ற, வெம்மையான நீரிலேயே பார்கள் அமைகின்றன. வெம்மை வேண்டும், மிகுதல் ஆகாது என்னும் இந்நுட்பத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னே இது வேண்டப்படும்.

'பார்' என்னும் சொல்லை யாம் புதிதாக ஆக்கிக்கொண்டோமில்லை. கடலடியில் கல்லும் திட்டுமாக உயர்ந்து நிற்கும் நிலத்தை நம் முத்துக்குளிப்போரும் வலைஞரும் பண்டுதொட்டுப் பார் என்றே வழங்கி வருகின்றனர். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில், கரைக்கு அண்மையில், 21 சிறு தீவுகள் ஒரு மாலைபோல் கிடக்கின்றன. தூத்துக்குடிக் கூட்டத்தில் 4, வேம்பார்க் கூட்டத்தில் 3, கீழக்கரைக் கூட்டத்தில் 7, மண்டபக் கூட்டத்தில் 7 என அவை நால்வகைப்படும். காரியாசல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என்னும் பெயர்களை நோக்குக. அலையால் நொறுங்கி ஒதுங்கிய பவளச் சல்லியும் மணலுமே இத்தீவுகளின் உடம்பு. பெயரிட்டவர்கள் அதனை நன்கறிந்திருந்தனர். தீவுகளைச் சூழப் பவளப் பார்களும், அவற்றினூடே கடற்புற்படுகைகளும் உள்ளன. சங்கும், கடலட்டையும், இறாலும், பலவகை மீன்களும் இவற்றை நம்பி வாழ்கின்றன. முத்துச் சிப்பியும் இக்கடலுக்கே உரியது. எனினும் தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டில் நிகழ்ந்த முத்துக்குளிப்பே இறுதியானது.

இக்கடலை ஆராய்ந்த வரலாறு நீண்டது. சென்னை அரசாங்கக் காட்சிச்சாலைத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரத்துக்கும் பாம்பனுக்கும் வந்து கடற்பிராணிகளைத் தொகுத்தார். மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914-ஆம் ஆண்டில் ஒரு நூலே இயற்றினார். 1927-ஆம் ஆண்டில் அதே காட்சிச்சாலையின் வெளியீடாக, கிரேவ்லி முதலிய அறிஞர் பலர் கூடி, குருசடைத் தீவின் கரையோரப் பிராணிகளைப் பற்றிய தொகுதி ஒன்றை வெளியிட்டனர். உயிர்நூல் கற்போரின் சுவர்க்கம் எனப் பெயர்பெற்ற அத்தீவின் கடற்பிராணி வர்க்கங்கள் அத்தொகுதியில் ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கப்பட்டன. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அந்நிலையத்தைச் சார்ந்த கோபிநாத பிள்ளை என்பார் நம் கரையின் பவள வகைகளை முறையாகப் பிரித்துப் பெயரிட்டு ஆராய்ந்தார். பிற்பாடு தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மூழ்கி ஆராய்ந்து, இவ்வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் உளவெனக் கண்டனர். கிரேவ்லி முதலானோர் வெறும் பட்டியல் போட்டார்கள் என்று இகழ்வாரும் உண்டு. யாம் அவ்வாறு கருதவில்லை. இன்று ஒரு பிராணி குருசடையில் இல்லையென்றால், முன்னர் இருந்தது என்பதற்குச் சான்று அப்பட்டியலேயன்றி வேறு யாது?

இனி, 'இதற்கு விலை யாது' என்ற மாணவரின் வினாவுக்கு வருவோம். பவளத்திற்கு ஒரு விலை இருந்தது. அது சுண்ணாம்பின் விலை. கடற்கரை ஊர்களின் பழைய சுவர்களில் காரை பெயர்ந்த இடத்தை உற்றுநோக்கினால், கல்லின்மேல் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள் தோன்றும். ஒவ்வொரு குழியும் ஒரு பிராணியின் வீடு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் மாதாகோயிற் சுவர்களில் இதனை எவரும் காணலாம். யாம் மாணாக்கருடன் அங்குச் சென்றபோது, சுவர்க் கற்களில் எத்தனை வகைப் பவளம் தெரிகிறது எனப் பிரித்துக் காட்டுமாறு பணித்தோம். கடலில் இறங்காமலே பெற்ற பாடம் அது.

வீடுகட்டும் அளவில் எடுத்திருந்தால் கடல் பொறுத்திருக்கும் போலும். காளவாய்களுக்காகவும், பின்னர்த் தூத்துக்குடிப் பக்கத்து ஆலைகளுக்காகவும், வள்ளம் வள்ளமாகப் பவளத்தைப் பெயர்த்தெடுக்கும் தொழில் வளர்ந்தது. மண்டபப் பகுதியில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கன மீட்டர் அளவு எடுக்கப்பட்டதாக 1972-ஆம் ஆண்டில் மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் கணக்கிட்டனர். பருத்த திரள்பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே உயர்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள பாறை நூறு ஆண்டின் வேலை. கடப்பாரையால் அதனைப் பெயர்க்க ஒரு நாழிகை போதும். அத்தொழிலைச் செய்தோரைப் பழிப்பது எம் கருத்தன்று. மீன் படாத மாதங்களில் கூலிக்கு வேறு வழியில்லாதவரே பெரும்பாலும் அதனைச் செய்தனர். ஊதியத்தின் பெரும்பங்கு அவர் கைக்கு வந்ததுமில்லை. 1986-ஆம் ஆண்டில் தீவுகளைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. அதன்பின்னரே அத்தொழில் குன்றி, 2005-ஆம் ஆண்டளவில் நின்றது.

அதற்குள் இரண்டு தீவுகள் போயின. கீழக்கரைக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிக் கூட்டத்து விலாங்குசல்லியும் நீருள் ஆழ்ந்தன. படத்தில் 21 எனக் காணும் தீவுகளுள் இவையிரண்டும் பெயரளவில் நிற்பவை. தீவு எவ்வாறு மறையும் என்று ஐயுறுவார்க்குச் சொல்வோம். பார் என்பது அலையை முதலில் எதிரேற்கும் மதில். அலையின் வேகம் பெரும்பகுதி அதன்மீது உடைந்து போகிறது. மதிலைப் பெயர்த்துவிட்டால் அலை நேரே வந்து தீவின் மணலை வாரிச்செல்லும். முன்னர் அம்மணலுக்கு ஈடாகப் பாரிலிருந்து புதுச் சல்லி வந்துகொண்டிருந்தது. பார் மடிந்தபின் அவ்வரவும் நின்றது. வரவு நின்று செலவு பெருகிய குடும்பத்தின் நிலையே தீவுக்கும் நேர்ந்தது. இதற்கிடையில் உலகக் கடல்மட்டமும் 1900-ஆம் ஆண்டுமுதல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

பார் உண்மையில் அலையைத் தடுக்கின்றதா என்பது 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்காயிற்று. இலங்கையின் தென்மேற்குக் கரையில் இக்கடுவை என்னும் ஊரும், அதற்குச் சில கிலோமீட்டர் வடக்கே பெரலிய என்னும் ஊரும் உள்ளன. இக்கடுவையில் பார் காக்கப்பட்டிருந்தது. பெரலியவுக்கு எதிரிலோ பவளம் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. இக்கடுவையில் அலை ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவே உட்புகுந்தது. பெரலியவில் அது 1.5 கிலோமீட்டர் வரை சென்று, நிறைந்த புகைவண்டி ஒன்றைத் தடத்தினின்றும் புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை மாய்த்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட அறிஞர், பவளம் வெட்டியதே அழிவைப் பெருக்கிற்று என 2005-ஆம் ஆண்டில் எழுதினர். கேட்பார் நெஞ்சில் எளிதில் பதியும் முடிவு இது. ஆனால் அதே ஆண்டில் சுமத்திராத் தீவின் அச்சே மாகாணத்தை ஆராய்ந்த வேறு அறிஞர், அங்கே பார் நன்றாயிருந்த இடத்திலும் கெட்டிருந்த இடத்திலும் அலை புகுந்த தொலைவில் வேறுபாடு இல்லையென்று கண்டனர். எது மெய்? இரண்டும் மெய்யாயிருத்தல் கூடும். அச்சே அலையின் பிறப்பிடத்திற்கு மிக அருகிலுள்ளது. அங்கு எழுந்த அலைக்கு எந்தப் பாரும் ஒரு பொருட்டன்று. தொலைவிலுள்ள கரையில், தளர்ந்து வரும் அலைக்குப் பார் தடையாகலாம். நாள்தோறும் வரும் அலைகளையும் புயலலைகளையும் பார் தணிக்கின்றது என்பதில் ஐயமில்லை. தமக்கு உகந்த சான்றை மட்டும் எடுத்தோதி, உகவாததை மறைப்பது வழக்குரைஞர்க்கு இயல்பாகலாம். ஆராய்ச்சி மாணாக்கர்க்கு ஆகாது.

கடப்பாரை ஓய்ந்தது, ஆனால் வெப்பம் ஓயவில்லை. 1928-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் யாங் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழுவினர் ஆஸ்திரேலியாவின் பெரும்பவளப் பாரில் தங்கி ஆராய்ந்தனர். நீரின் வெப்பம் அளவு கடந்தபோது பவளப் பிராணி தன்னுள் வாழும் பாசியணுக்களை வெளியேற்றுவதை யாங், நிக்கல்ஸ் என்னும் இருவர் அக்காலத்திலேயே கண்டு 1931-ஆம் ஆண்டில் எழுதிவைத்தனர். அக்காலத்தில் அஃது ஓர் அரிய செய்தியாயிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து உலகக் கடல்களிற் பல இடங்களில் ஒருசேர நிகழும் நோயாயிற்று. மிகுந்த வெப்பத்தில் பாசியணுவின் உணவு சமைக்கும் உறுப்பு பழுதுற்று, நச்சுத்தன்மையுள்ள பிராணவாயுச் சேர்க்கைகளை உமிழ்கின்றது; அதனைத் தாங்காத பிராணி தன் விருந்தினரைத் துரத்துகின்றது. நிறம் போனபின், தோலினூடே வெண்சுண்ணாம்பு ஒளிர, பவளம் பனிக்கட்டிபோல் வெளுத்து நிற்கும். புதியவர் அதனைக் கண்டு அழகென்று வியப்பர். உண்மையில் அது பட்டினியின் நிறம்.

வெளிறியது வேறு, மடிந்தது வேறு என்பதை இங்கு வற்புறுத்துகிறோம். வெப்பம் சில வாரங்களில் தணிந்தால் எஞ்சிய பாசியணுக்கள் பெருகி, பவளம் மீண்டும் நிறம் பெறும். தணியாவிடில் பிராணி மடியும். மடிந்த கூட்டின்மேல் முரட்டுப் பாசி படரும். ஆகவே வெப்பத்தின் அளவு மட்டுமன்றி அது நீடித்த காலமும் கணக்கில் வரவேண்டும். அமெரிக்கக் கடல் வானிலை நிலையத்தார் இதற்கென ஒரு முறை வகுத்துள்ளனர். ஓரிடத்தில் கோடைக்காலத்து வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்த நிலை ஒரு வாரம் நீடித்தால் அதனை ஒரு 'பாகை-வாரம்' என்க. இரண்டு பாகை மிகுதி ஒரு வாரம் நீடித்தால் இரண்டு பாகை-வாரம். இவ்வாறு கூட்டி, 4 எட்டினால் வெளிறல் பரவும். 8 எட்டினால் பவளம் மடியத் தொடங்கும். நம் மாணாக்கர் வீட்டு உஷ்ணமானியைக் கொண்டே இக்கணக்கைப் பயிலலாம்.

மன்னார் வளைகுடாவில் நீரின் வெப்பம் 30 சென்டிகிரேடு பாகையைத் தாண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மாதங்களே இடர்க்காலம். தென்மேற்குக் காற்று வலுத்துக் கடல் கலங்கினால் வெப்பம் தணியும்; பவளத்திற்கு அக்காற்றே மருத்துவன். உலகெங்கும் வெளிறல் கண்ட 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகள் நம் கடலையும் வருத்தின. 2009-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 ஆக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2010-ஆம் ஆண்டில் 33 ஆகக் குறைந்தது என்றும், 2016-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 அளவு பவளம் மடிந்தது என்றும் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் கண்டனர். கிளைத்து விரைந்து வளரும் மான்கொம்புப் பவளம் முதலியவை முதலில் மடிந்தன. மெல்ல வளரும் திரள்பவளங்கள் பெரும்பாலும் தப்பின. உலகளாவிய நான்காம் வெளிறல் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வெப்பத்தின் மூலமோ நம் கரையிலன்று. ஹவாய்த் தீவின் மௌன லோவா மலைமீது 1958-ஆம் ஆண்டில் கீலிங் என்பவர் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2024-ஆம் ஆண்டளவில் அது 420-ஐத் தாண்டிவிட்டது. சின்னப்பாலத்து வலைஞன் எரித்த எண்ணெய் அதில் எத்துணை சிறிது என்பதை எண்ணிப் பார்ப்பவர் பார்க்கட்டும்.

'நூற்றுக்கு 43' என்பதை எவ்வாறு கண்டார்கள் என மாணாக்கர் கேட்டல் முறையே. வழி மிக எளியது, செய்வதுதான் அரியது. மூழ்குவோர் 20 மீட்டர் நீளமுள்ள அளவுநாடாவைக் கரைக்கு இணையாகப் பாரின்மீது விரிப்பர். பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்திச்சென்று, நாடாவின் கீழுள்ள பொருள் மாறுந்தோறும் அவ்விடத்து அளவைப் பலகையிற் குறிப்பர்: இத்தனை சென்டிமீட்டர் வரை உயிர்ப்பவளம், இத்தனை வரை மணல், பின் மடிந்த பவளம், பின் பாசி, சல்லி. உயிர்ப்பவளத்தின் மேல் கிடந்த துண்டுகளையெல்லாம் கூட்ட 640 சென்டிமீட்டர் வந்ததாகக் கொள்வோம். மொத்தம் 2000 சென்டிமீட்டர். ஆதலின் பரப்பு நூற்றுக்கு 32. ஒரு நாடாவால் ஒன்றும் துணியலாகாது. பல தீவுகளில், பல ஆழங்களில், பல நாடாக்கள் வேண்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் விரித்தல் வேண்டும். ஓராண்டு மே மாதத்திலும் மற்றோராண்டு அக்டோபரிலும் அளந்தால், முன்னதில் வெளிறி உயிரோடிருந்தவை பின்னதில் மடிந்தவையாகவோ தேறியவையாகவோ காணப்பட்டு, ஒப்பீடே பிழைபடும். நாடா அலையில் ஆடும். கண்ணாடியில் நீராவி படியும். ஒருவர் 'மடிந்தது' என்பதை மற்றவர் 'வெளிறியது' என்பர். ஆதலின் இருவர் தனித்தனியே குறித்து, கரையேறியபின் ஒத்துப்பார்ப்பது நன்று. அடுத்த கோடையில் நம் மாணாக்கர் கல்லூரித் தோட்டத்துப் புல்வெளியில் நாடாவை விரித்து இதனைச் செய்து பார்த்தனர். ஒரே நாடாவுக்கு ஐவர் ஐந்து விடை கொணர்ந்தனர். அன்று அவர்கள் கற்றது புல்லைப் பற்றியதன்று.

இனி, நல்லெண்ணத்தால் விளைந்த ஒரு தீங்கையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் பயிராகும் காப்பாபைகஸ் என்னும் கடற்பாசியிலிருந்து உணவுத் தொழிலுக்கு வேண்டிய ஒருவகைப் பசை எடுக்கப்படுகிறது. கரையோரப் பெண்டிர் பிழைப்புக்கென அது நம் கடலில் மிதவைகளிற் பயிராக்கப்பட்டது. பலருக்கு வருவாயும் தந்தது. அது பயிர்செய்த இடத்தை விட்டுப் பரவாது என்று சிலர் உறுதி கூறினர். ஆனால் குருசடைத் தீவின் பவளங்கள்மீது அது போர்வைபோற் படர்ந்து ஒளியை மறைத்து நிற்பதை 2008-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் எழுதினர். 1927-ஆம் ஆண்டுத் தொகுதியின் புகழ்பெற்ற தீவுக்கே இந்நிலை வந்ததை நோக்கும்போது எமக்கு வருத்தம் மிகுகிறது. அப்பெண்டிரின் வருவாயை எடுத்தெறிந்து பேசவும் எமக்கு மனமில்லை.

பெண்டிரைப் பற்றிப் பேச்சு வந்ததால் மற்றொன்று. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மகளிர் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சூழ்ந்த பார்களில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை முதலியவற்றைக் கையாற் பறித்து வருகின்றனர். கண்ணுக்குக் கண்ணாடியும், விரல்களிற் சுற்றிய துணியும், காலில் கட்டிய தகடுமே அவர் கருவிகள். தேசியப் பூங்கா வந்தபின் அவ்வேலை குற்றமாயிற்று. அவரோ தாமே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பதென வரையறுத்துக்கொண்டனர். எந்தப் பார் எந்த ஆண்டில் வெளுத்தது, எங்கே பாசி குறைந்தது, எங்கே மணல் ஏறிற்று என்பன அவர் நாவில் இருக்கின்றன. யாம் மண்டபத்தில் ஒரு முதிய அம்மையாரைச் சந்தித்து, "ஆச்சி, பார் எப்போது வெளுக்கத் தொடங்கியது?" என்று கேட்டோம். ஆண்டைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. "மூத்தவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்த கோடையில், தண்ணி கஞ்சி மாதிரிச் சுட்டுது" என்றார். பேரப்பிள்ளையின் அகவையைக் கேட்டுக் கணக்கிட்டோம். 2010-ஆம் ஆண்டு வந்தது.

பாரை மீட்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பவளத்தின் உடைந்த கிளைகளைச் சிமிட்டிச் சட்டங்களிற் கட்டிக் கடலில் இறக்கி வளர்த்தலைத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றனர். சுருங்கிச் சில ஏக்கரே எஞ்சிய வான்தீவுக்கு எதிரில், துளைகளுள்ள பெருஞ் சிமிட்டிக் கட்டுகள் 2015-ஆம் ஆண்டுமுதல் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டன. அலை அவற்றின்மீது உடைய, தீவின் மணல் மீண்டும் சேரலாயிற்று. கட்டுகளின்மேல் இளம் பவளங்களும் ஒட்டின. சிமிட்டி பவளத்திற்கு ஈடாகுமா என்று கேட்பாருண்டு. ஈடாகாதுதான். அலைக்கு ஓர் எதிரும், இளம்பவளத்திற்கு ஊன்ற ஓரிடமும் தருமென்ற அளவில் அமையலாம். நீரின் வெப்பத்தை எந்தச் சிமிட்டியும் தணிக்காது.

மீண்டும் நம் அலமாரிக்கு வருவோம். திரள்பவளம் வளரும்போது ஆண்டுதோறும் அடர்ந்த சுண்ணாம்பு ஓரடுக்கும் தளர்ந்த சுண்ணாம்பு ஓரடுக்குமாக, மரத்தின் வளையம் போல் இட்டுச் செல்கிறது. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர், அணுகுண்டுச் சோதனை நிகழ்ந்த எனிவெட்டாக்குத் தீவின் பவளத்தை எக்ஸ் கதிரால் படமெடுத்து, சோதனை ஆண்டுகளின் கதிரியக்கச் சுவட்டைக் கொண்டே இவ்வடுக்குகள் ஆண்டுக் கணக்கின என மெய்ப்பித்தனர். இவ்வடுக்குகளை ஆராய்ந்தால் ஒவ்வோராண்டும் பவளம் வளர்ந்த வேகத்தையும், நீரின் வெப்பத்தையும் அறியலாகும். இதனை வகுப்பிற் கூறியதும், விலை கேட்ட அம்மாணவரே நம் கல்லை அறுத்துப் பார்க்கலாமே என்றார். சட்டம் வந்தபின் வேறொரு பவளம் கொணர்வதற்கில்லை. உள்ளதை அறுப்பதா என்று சில நாள் தயங்கினோம். முடிவில் கல்தச்சர் ஒருவரைக்கொண்டு நடுவில் மெல்லிய பலகையாக ஒரு துண்டு அறுத்து, மருத்துவராயுள்ள நம் பழைய மாணவர் ஒருவரிடம் அனுப்பினோம். அவர் அதனை எக்ஸ் கதிரால் படமெடுத்துத் தந்தார். படத்தில் அடுக்குகள் தெளிவாய்த் தெரிந்தன. மாணாக்கர் எண்ணி இருபதுக்கு மேற்பட்டனவெனக் கண்டனர். நடுவே ஓரடுக்கு மற்றவற்றிலும் மெலிந்து, அவ்வாண்டில் பவளம் ஏதோ இடருற்றதைக் காட்டியது.

எந்த ஆண்டு அது? வெளிப்புறத்து அடுக்கின் ஆண்டு தெரிந்தால் உள்நோக்கி எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த ஆண்டு, கல்லை எடுத்தவர் சீட்டில் எழுதாது விட்ட ஆண்டு. அறுத்த துண்டுக்கு மாணாக்கர் புதுச்சீட்டு எழுதியுள்ளனர்: அறுத்த நாள், படமெடுத்த நாள், எண்ணியவர் பெயர், அடுக்குகளின் எண்ணிக்கை, மெலிந்த அடுக்கு வெளியிலிருந்து எத்தனையாவது என்பன அதில் உள்ளன. 'எடுத்த ஆண்டு' என்னும் வரிக்கு எதிரே ஒரு கோடு இட்டு வைத்திருக்கின்றனர்.